அடித்தல் திருத்தல்

கரும்பலகையில் இரண்டு வாக்கியங்களை எழுதிவிட்டுத் திரும்பினேன். இரண்டும் பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் 4ஆம் உறுப்பில் வரும் ஒரே இடம்தான். மேலே எழுதியது 2015 டிசம்பர் 12 பிற்பகலில் நாடுகளின் கைக்கு வந்த இறுதி வரைவில் இருந்தபடி. கீழே எழுதியது அன்று மாலை நிறைவேறியபடி. முந்தின இரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நானே தமிழாக்கியவை. மேலே, ‘வளர்ந்த நாடுகள் தொடர்ந்து முன்னிலை வகித்தல் வேண்டும்’. கீழே, ‘வளர்ந்த நாடுகள் தொடர்ந்து முன்னிலை வகிக்க வேண்டும்’. இந்த வேறுபாட்டுக்காக உலகமே ஒரு மாலைப்பொழுது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று கொஞ்சம் நாடகத்தனமாகச் சொல்லி நிறுத்தினேன். வகுப்பு அசையவில்லை. இரண்டாம் வரிசையில் இருந்த மாணவி எழுந்தார். “சார், இரண்டிலும் வேண்டும் என்றுதானே இருக்கிறது? வகித்தல் என்றால் என்ன, வகிக்க என்றால் என்ன? எதற்குச் சண்டை?”

ஆங்கிலத்தில் மேலே இருந்தது ‘ஷல்’, கீழே இருப்பது ‘ஷுட்’ என்று விளக்கினேன். முன்னது கட்டுப்படுத்தும், பின்னது அறிவுறுத்தும். நம் சட்டத் தமிழில் ‘ஷல்’ வரும் இடத்தில் ‘செய்தல் வேண்டும்’ என்று எழுதுவது வழக்கம், அதனால்தான் அப்படிப் போட்டேன் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். சமாதானம் ஆகவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் ஆகவில்லை. கடன் வாங்கியவன் திருப்பித் தர வேண்டும். ஐப்பசியில் மழை பெய்ய வேண்டும். எனக்கு ஒரு காபி வேண்டும். கடனுக்கும் ஆசைக்கும் தேவைக்கும் நாம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறோம். அதே வேர்ச்சொல்லிலிருந்துதான் வேளாங்கண்ணியிலும் வைத்தீஸ்வரன் கோயிலிலும் செய்யும் வேண்டுதலும் வருகிறது. கட்டளைக்கும் கெஞ்சலுக்கும் ஒரே சொல் இருக்கும் மொழியில் அந்த மாலையை எப்படிப் புரியவைப்பது?

அது டெல்டா மாவட்டம் ஒன்றில் உள்ள சட்டக் கல்லூரி. சர்வதேசச் சுற்றுச்சூழல் பேச்சுவார்த்தைகளில் வழக்கறிஞர்களுக்கு என்ன வேலை என்று இரண்டு நாள் வகுப்பெடுக்க அழைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளில் நடந்த ஒன்று என்னை இன்னும் விடவில்லை. அதை எழுதித் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

பத்திரம் எழுதுபவர் வீட்டில்

என் அப்பா பத்திரம் எழுதுபவர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, வேப்பமரத்தடியில், ஒரு மேசை, இரண்டு நாற்காலி. நான் சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனதை அவர் பதவி உயர்வாக நினைக்கவில்லை. வக்கீல் வருவது சண்டைக்குப் பிறகு, நான் வருவது சண்டைக்கு முன்பு என்பார். ஆவணத்தின் கடைசியில் ‘அடித்தல் திருத்தல்’ என்று ஒரு வரி உண்டு. எந்தப் பக்கத்தில் எந்த வரியில் எந்தச் சொல் அடிக்கப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்று அங்கே எழுதி, எழுதிக்கொடுப்பவர் கையெழுத்தும் வாங்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் ‘இல்லை’ என்றாவது எழுத வேண்டும். காலியாக விட்ட இடத்தில் யார் வேண்டுமானாலும் குடியேறுவார்கள் என்பது அவருடைய பாடம்.

பதிவான பிறகு தவறு தெரிந்தால் பிழைதிருத்தல் பத்திரம். அதற்கும் அவரிடம் ஒரு கறாரான விதி இருந்தது. அப்பா பெயரில் இனிஷியல் தவறு, சர்வே எண்ணில் இலக்கம் மாறியது, கிழக்கு எல்லை மேற்காகிவிட்டது, இவையெல்லாம் பிழை. விஸ்தீரணம் 30 சென்ட் என்றிருப்பதை 40 சென்ட் என்று மாற்றிக் கேட்டால் அது பிழை இல்லை, புது விற்பனை. “பத்து சென்ட் நிலத்தை எழுத்துப்பிழையில் வாங்க முடியாது” என்று ஒருவரைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். வந்தவர் கோபித்துக்கொண்டு பக்கத்து மேசைக்குப் போனார். அங்கே எழுதிக்கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் இங்கே எழுதக் காரணம், பாரிஸில் நடந்ததும் ஒரு பிழைதிருத்தல்தான்.

அந்த மாலை

பாரிஸை ஒட்டிய லெ பூர்ஷேயில், மாநாட்டு அரங்கில் அன்று நடந்ததைப் பலரும் பலவிதமாக எழுதிவிட்டார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். பிற்பகலில் இறுதி வரைவு விநியோகிக்கப்பட்டது. அமெரிக்கக் குழுவின் வழக்கறிஞர்கள் வரிவரியாகப் படித்தார்கள். 4ஆம் உறுப்பு 4ஆம் பத்தியில், உமிழ்வைக் குறைக்கும் இலக்குகளை ஏற்று வளர்ந்த நாடுகள் முன்னிலை வகிப்பதைச் சொல்லும் வாக்கியத்தில் ‘ஷல்’ இருந்தது. வளரும் நாடுகளைப் பற்றிய அடுத்த வாக்கியத்தில் ‘ஷுட்’. முந்தைய வரைவில் இரண்டு இடத்திலும் ‘ஷுட்’தான் இருந்தது என்பது அமெரிக்கத் தரப்பின் வாதம். ‘ஷல்’ நின்றால் அந்த இலக்கு சட்டக் கடமை ஆகிவிடும். அப்படி ஆனால் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேடிப் போக வேண்டியிருக்கும். கியோட்டோ காலநிலை ஒப்பந்தத்துக்கு முன்பே, 1997இல், வளரும் நாடுகளைக் கட்டுப்படுத்தாத ஒப்பந்தம் வேண்டாம் என்று 95–0 என்று தீர்மானம் போட்ட செனட் அது. அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி, இதை மாற்றாவிட்டால் அமெரிக்கா ஒப்பந்தத்தில் இருக்காது என்று மாநாட்டுத் தலைவராக இருந்த பிரான்ஸின் வெளியுறவு அமைச்சர் லோரான் ஃபபியூஸிடம் சொல்லிவிட்டார். கூட்டம் தள்ளிப்போனது. மேடைக்கு முன்னால் கும்பல் கும்பலாக நின்று பேசினார்கள்.

பிறகு செயலகத்தின் அதிகாரி ஒருவர் ‘தொழில்நுட்பத் திருத்தங்கள்’ என்று ஒரு பட்டியலை வாசித்தார். வேலைப்பளுவில் நேர்ந்த அச்சுப்பிழைகள், நிறுத்தற்குறிகள், அந்த வகையைச் சேர்ந்த பட்டியல். அதன் நடுவே, 4ஆம் உறுப்பு 4ஆம் பத்தியில் ‘ஷல்’ என்பது ‘ஷுட்’ என்றாகும் என்பதும் அதே குரலில், அதே வேகத்தில் வாசிக்கப்பட்டது. சிறிது நேரத்தில், மாலை ஏழரை மணி அளவில், ஃபபியூஸ் ஒரு சிறிய பச்சைச் சுத்தியலைத் தட்டினார். கைத்தட்டல், கண்ணீர், கட்டித்தழுவல். நிகராகுவாவின் பிரதிநிதி பால் ஓக்விஸ்ட் அதற்கு முன்பே பேச விரும்பினார். அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது சுத்தியல் விழுந்த பிறகு.

இதில் என் அப்பாவின் விதிப்படி எது பிழை, எது விற்பனை என்று சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘ஷல்’ அப்படியே நின்றிருந்தால் ஒப்பந்தமே இருந்திருக்காது என்ற வாதத்தை என்னால் முழுதாகத் தள்ள முடிவதில்லை. பத்து சென்ட்டைப் பிடிவாதமாகக் கேட்டு முப்பது சென்ட்டையும் இழந்த கட்சிக்காரர்களை என் தொழிலில் போதுமான அளவு பார்த்திருக்கிறேன்.

மூன்று பேர் தீவு

வகுப்பின் இரண்டாம் நாள் மாதிரிப் பேச்சுவார்த்தை. இப்படிப்பட்ட பயிற்சிகளில் இது வழக்கமான பாடம்தான். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்தவர்கள் முன்னெடுத்து 2005இல் தொடங்கிய ஐரோப்பியத் திறன் வளர்ப்பு முயற்சி போன்றவை, வளரும் நாடுகளின் இளம் பிரதிநிதிகளைக் கூட்டிவைத்து இதைத்தான் செய்துவருகின்றன. நான் என் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்தேன். ஒரு கற்பனைத் தீவு நாட்டுக்கு மூன்று பேர். பணக்கார நாடுகளின் அணிக்குப் பன்னிரண்டு பேர். மீதிப் பேர் இடையில். இது அநியாயம் என்று உடனே குரல் வந்தது. அநியாயம்தான், உண்மையும் அப்படித்தான் என்றேன். 2023இல் துபாய் காலநிலை மாநாட்டுக்குச் சீனாவும் பிரேசிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பதிவு செய்தன. ஐ.நா. பயணச்செலவு நிதியை நம்பி வரும் நாடுகளுக்கு அதிலிருந்து ஒரு சிலருக்குத்தான் டிக்கெட் கிடைக்கும். ஒரே நேரத்தில் பல அறைகளில் கூட்டம் நடக்கும். அறைகளுக்குள் நடக்கும் முறைசாராப் பேச்சுகளுக்கு மொழிபெயர்ப்பாளர் கிடையாது, எல்லாமே ஆங்கிலம். ஒப்பந்தத்தின் ஆறு மொழிகளும் சமமான அதிகாரம் உடையவை என்று கடைசி உறுப்பு சொல்வதெல்லாம் மை காய்ந்த பிறகு வரும் சமத்துவம்.

கேள்வி கேட்ட மாணவி தீவு அணியில் இருந்தார். நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். அதனால் அவரை வேண்டுமென்றே அங்கே போட்டதாகச் சிலர் கேலி செய்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதுதான். மூன்று மணி நேரம் பேச்சு நடந்தது. நான் மூன்று ‘அறைகள்’ வைத்திருந்தேன், அதாவது இரண்டு வகுப்பறைகளும் ஒரு தாழ்வாரமும். தீவு அணியின் மூவரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். அவர் கவனித்தது இழப்பும் சேதமும் பற்றிய பிரிவை. கடல் ஏறி ஊர் போன பிறகு அதைத் தகவமைப்பு, அதாவது மாறும் காலநிலைக்கு ஏற்ப நம்மை மாற்றிக்கொள்வது, என்ற தலைப்பின் ‘கீழ்’ வைப்பதா, தனியாக வைப்பதா என்பதுதான் அங்கே சண்டை. நான் கற்பனை செய்த சண்டையில்லை. 2013இல் வார்சா காலநிலை மாநாட்டில் கடைசி இரவு வரை இழுபறியாக இருந்தது இந்தக் ‘கீழ்’தான். அவர் நன்றாகவே வாதாடினார். ‘கீழ்’ என்பதை எடுக்கவைத்தார். பன்னிரண்டு பேர் அணி சலிப்போடு ஒப்புக்கொண்டது.

கடைசிப் பதினைந்து நிமிடத்தில் நான் ஒரு வேலை செய்தேன். பன்னிரண்டு பேர் அணியின் தலைவரிடம் ஏற்கெனவே ஒரு துண்டுச்சீட்டுக் கொடுத்திருந்தேன். செயலராக இருந்த மாணவர் எழுந்து திருத்தப் பட்டியலை வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் காற்புள்ளி, மூன்றாம் பக்கத்தில் ஒற்று மிகும், நான்காம் பக்கத்தில் ‘தொடர்பாக’ என்பது ‘கீழ்’ என்றாகும், ஐந்தாம் பக்கத்தில் பத்தி எண் 12 என்பது 13 என்றாகும். மறுப்பு இருக்கிறதா? இல்லை. நான் டஸ்டரால் மேசையைத் தட்டினேன். எல்லோரும் கைத்தட்டினார்கள்.

இந்தக் கணத்துக்காகத்தான் இரண்டு நாளும் காத்திருந்தேன் என்று வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். மந்திரவாதி முயலை எடுப்பது போலத் துண்டுச்சீட்டை எடுத்துக் காட்டினேன். பார்த்தீர்களா, மூன்று மணி நேரம் போராடி வாங்கியதை ஓர் அச்சுப்பிழை தின்றுவிட்டது, ஒவ்வொரு சொல்லையும் கவனிக்கத்தான் சட்டப் பயிற்சி என்றேன். வகுப்பில் ‘ஆ’ என்று ஒரு சத்தம். தீவு அணியின் மற்ற இருவரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்த மாணவி மட்டும் அப்படியே இருந்தார்.

“எனக்குக் கேட்டது சார்” என்றார். “நான்காம் பக்கம் என்று அவர் சொன்னபோதே கேட்டது. எழுந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். எழுந்தால் பட்டியலைத் திறப்பார்கள். பட்டியலைத் திறந்தால் நிதிப் பத்தியையும் திறப்பார்கள். அதில் எங்களுக்கு வர வேண்டியது இருந்தது. மணியும் ஆகிவிட்டது. அதனால் உட்கார்ந்திருந்தேன்.”

என் முயல் தொப்பிக்குள் திரும்பிப் போய்விட்டது.

தெரிந்தே தோற்பது

அன்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். அவருக்குத் தெரியாதது எதையும் நான் கற்றுக்கொடுக்கவில்லை. பாரிஸிலும் அந்த மண்டபத்தில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் இல்லை. வளரும் நாடுகளின் அணியிலும் தேர்ந்த வழக்கறிஞர்கள் இருந்தார்கள், சொல் மாறியதைக் கேட்டார்கள், கணக்குப் போட்டார்கள், உட்கார்ந்திருந்தார்கள். அப்படியானால் ஏழை நாடுகளுக்குச் சட்ட உதவி, பயிற்சி என்று நடக்கும் இத்தனை முயற்சிக்கும் பொருள் என்ன? முன்பு தெரியாமல் தோற்றார்கள், இப்போது தெரிந்து தோற்கிறார்கள் என்பதுதானா? இந்தப் பயிற்சிகளுக்கான பணத்தில் கணிசமான பங்கு, மேசைக்கு எதிர்ப்புறம் உட்காரும் பணக்கார நாடுகளின் அரசுகளிடமிருந்து வருவதும் சேர்ந்து உறுத்தியது. எதிர்வாதியே நம் வக்கீலுக்கு ஃபீஸ் கொடுக்கிறார் என்றால் என் அப்பா இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்ப்பார்.

இந்தத் துறைக்குள் நான் எட்டிப்பார்த்ததே தற்செயல். லண்டனில் 2009இல், கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டையொட்டி, ஒரு தொண்டு அமைப்பு தொடங்கப்பட்டது. இப்போது அதன் பெயர் லீகல் ரெஸ்பான்ஸ் இன்டர்நேஷனல். ஏழை நாடுகளின் பிரதிநிதிகள் மாநாட்டு அரங்கிலிருந்து கேள்வி அனுப்பினால், எங்கோ இருக்கும் வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்காமல் பதில் எழுதி அனுப்புவார்கள். அதே பாணியில் இயங்கிய வேறொரு சிறு குழுவுக்கு நண்பர் ஒருவர் வழியாக ஒரே ஒரு மாநாட்டின்போது தரவு தேடிக் கொடுத்தேன். பதில் எழுதும் தகுதி எனக்கு இல்லை, பழைய தீர்மானங்களைத் தோண்டி எடுத்துக் கொடுக்கும் எடுபிடி. ஓர் இரவு பதினொரு மணிக்கு ஒரு கேள்வி வந்தது. காலை ஒன்பதுக்குள் பதில் வேண்டும். கேள்வி இவ்வளவுதான்: ‘நாங்கள் மட்டும் மறுத்தால் தீர்மானம் நின்றுவிடுமா, அல்லது மறுப்புப் பதிவாவதோடு சரியா?’

நல்ல கேள்வி. முப்பது ஆண்டுகளாக இந்த மாநாடுகளுக்கு முறையாக ஏற்கப்பட்ட நடைமுறை விதிகளே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. 1995இல் பெர்லினில் நடந்த முதல் மாநாட்டிலிருந்து விதிகள் வரைவாகவே இருக்கின்றன. வாக்கெடுப்புப் பற்றிய 42ஆம் விதியில் உடன்பாடு வராததால், அதை மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டு மற்றதை வைத்து ஓட்டுகிறார்கள். வாக்கெடுப்பு இல்லாததால் எல்லாமே கருத்தொருமிப்பு. கருத்தொருமிப்பு என்றால் என்ன என்று எங்கும் வரையறை இல்லை. 2010இல் கான்குனில் பொலிவியா எழுந்து நின்று, நாங்கள் ஏற்கவில்லை என்று தெளிவாகச் சொன்னது. மாநாட்டுத் தலைவர் பத்ரீசியா எஸ்பினோசா, கருத்தொருமிப்பு என்பது ஒரே ஒரு நாட்டுக்குத் தடுப்பதிகாரம் கொடுப்பதல்ல என்று சொல்லிச் சுத்தியலைத் தட்டிவிட்டார். ஓராண்டுக்கு முன் கோபன்ஹேகனில் சில நாடுகள் மறுத்தபோது அந்த உடன்பாடு ஏற்கப்படாமல், மாநாடு அதைக் ‘கவனத்தில் கொள்கிறது’ என்ற அளவோடு நின்றது. 2024இல் பாக்கூ மாநாட்டில் வளரும் நாடுகளுக்கான 300 பில்லியன் டாலர் நிதி இலக்கு சுத்தியல் தட்டி நிறைவேறிய பிறகுதான் இந்தியாவின் சாந்தினி ரைனா பேச முடிந்தது. ஒரே விதி, எத்தனை விடைகள். யார் மறுக்கிறார்கள், எத்தனை பேர் சேர்ந்து மறுக்கிறார்கள், தலைவருக்கு எவ்வளவு துணிச்சல் என்பதைப் பொறுத்தது.

மூத்தவர்கள் எழுதிய பதில் இரண்டு பக்கம். சாரம் என் நினைவில் இருக்கிறது: தடுக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, பதிவாகும் என்று உறுதி சொல்லலாம், பதிவாக வேண்டுமானால் எந்தச் சொற்களில், எப்போது, எழுத்தில் யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது இணைப்பில். அன்று எனக்கு அது கையாலாகாத பதிலாகப் பட்டது. இரவெல்லாம் விழித்து இதையா சொல்வது? தடுக்க முடியாது, வேண்டுமானால் குறித்துக்கொள்ளச் சொல் என்று.

எழுதிவைத்துவிட்டுப் போனது

அந்த மாணவி உட்கார்ந்திருந்ததைப் பற்றி யோசித்தபோதுதான் அந்தப் பதிலின் மதிப்பு எனக்கு உறைத்தது. அவர் செய்த கணக்கில் தவறு இல்லை. ஆனால் எழுந்து தடுப்பது, உட்கார்ந்து விழுங்குவது என்ற இரண்டைத்தான் அவருக்கு நான் காட்டியிருந்தேன். மூன்றாவது ஒன்று இருப்பதைச் சொல்லவே இல்லை.

1992இல் காலநிலைச் சாசனத்தில் கையெழுத்திட்டபோது பிஜி, நவூரு, கிரிபாட்டி, துவாலு ஆகியவை கூடவே ஓர் அறிவிப்பையும் கொடுத்தன. கையெழுத்திடுவதால், காலநிலை மாற்றத்தின் தீங்குகளுக்கு அரசுகளின் பொறுப்புப் பற்றிச் சர்வதேசச் சட்டத்தில் எங்களுக்குள்ள எந்த உரிமையையும் நாங்கள் கைவிடவில்லை என்பதே அதன் சாரம். எண்ணிப் பார்த்தால், வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் நாடுகள். அந்த ஆண்டுகளில் சிறு தீவு நாடுகளின் கூட்டணிக்கு உதவ லண்டனில் ஒரு சிறு வழக்கறிஞர் குழு இருந்தது. 1989இல் ஃபிலிப் சாண்ட்ஸ், ஜேம்ஸ் கேமரன் ஆகியோர் தொடங்கிய அந்த அமைப்பை ‘ஃபீல்ட்’ என்ற சுருக்கப் பெயரால் அழைத்தார்கள். கடல்மட்டம் உயர்ந்து ஏற்படும் இழப்புக்குச் சர்வதேசக் காப்பீட்டு நிதி வேண்டும் என்று கூட்டணியின் சார்பில் வனுவாட்டு முன்வைத்தது 1991இல். சிரித்துவிட்டு ஒதுக்கிவைத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இழப்புக்கும் சேதத்துக்கும் தனி நிதி என்ற முடிவு எகிப்தின் ஷர்ம் எல்-ஷேக் மாநாட்டில் வந்தபோது 2022 ஆகியிருந்தது.

பாரிஸிலும் அதே கதை நடந்தது. ஒப்பந்தத்தின் 8ஆம் உறுப்பு இழப்பையும் சேதத்தையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஒப்பந்தத்தோடு சேர்ந்து நிறைவேறிய தீர்மானத்தின் 51ஆம் பத்தி, அந்த உறுப்பு எந்தப் பொறுப்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படை ஆகாது என்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பது என்று நாம் சொல்வோம். தீவுகள் அதை விழுங்கின, வேறு வழியில்லை. ஆனால் பிறகு நவூரு, துவாலு, மார்ஷல் தீவுகள், வனுவாட்டு முதலியவை மறுபடியும் அதே பாணி அறிவிப்பைக் கொடுத்தன. ஒப்பந்தத்தில் சேர்வதால் எந்த உரிமையும் கைவிடப்படவில்லை. பாரிஸ் மண்டபத்தில் இதை யாரும் கைத்தட்டி வரவேற்கவில்லை. ஐ.நா.வின் ஒப்பந்தப் பதிவேட்டில், யாரும் படிக்காத பக்கத்தில், அது போய் உட்கார்ந்துகொண்டது.

2019இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் 27 பேர், காலநிலைக் கடமைகள் பற்றிச் சர்வதேச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்கவைக்க முடியுமா என்று கிளம்பினார்கள். வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச் 29இல் ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பே இல்லாமல் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜூலை 23இல் தி ஹேக் நகரில் நீதிமன்றம் தன் கருத்தை ஒருமனதாக வெளியிட்டது. காலநிலை ஒப்பந்தங்கள் இருப்பதால் மற்றச் சர்வதேசச் சட்டம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று பெரிய உமிழ்வு நாடுகள் சில வாதாடின. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கடமையை மீறினால் அது சர்வதேசச் சட்டப்படி தவறான செயல், அதற்கான பொறுப்பும் வரும் என்றது. நாடுகள் அறிவிக்கும் இலக்குகள் முழுக்க அவரவர் விருப்பத்துக்கு விட்டது இல்லை என்றும் சொன்னது. 1992இன் அறிவிப்புகளால்தான் இந்தக் கருத்து வந்தது என்று நான் சொல்லமாட்டேன், சட்டம் அப்படி நேர்கோட்டில் நடப்பதில்லை. ஆனால் முப்பத்து மூன்று ஆண்டு கழித்து ஒருவர் எழுந்து ‘எங்கள் உரிமையை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை’ என்று சொல்லும்போது, ‘அன்று ஏன் சொல்லவில்லை’ என்று எதிர்த்தரப்புக் கேட்க முடியாமல் போனது.

என் அப்பா பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போது வீட்டின் கடைசித் தங்கையையும் வரச்சொல்லி, அவருக்கு எதுவும் கிடைக்காவிட்டாலும், அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதுவார். அண்ணன்கள் முணுமுணுப்பார்கள். அந்த வரியால் அன்றைக்கு ஒரு சென்ட் நிலம்கூட இடம் மாறியதில்லை.

கடவது

அந்த மாணவியின் எண் என்னிடம் இருந்தது. வகுப்பில் சொல்லாமல் விட்டதை, 1992 அறிவிப்பைத் தமிழாக்கி அவருக்கு அனுப்பினேன். சில நாள் கழித்து, தன் கற்பனைத் தீவின் சார்பில் ஓர் அறிவிப்பை எழுதி அனுப்பினார். ‘கீழ்’ என்ற சொல் சேர்க்கப்பட்டதை நாங்கள் கேட்டோம், மறுக்கவில்லை, அதனால் எங்கள் நிலைப்பாடு மாறியதாக யாரும் பொருள் கொள்ளலாகாது என்று தொடங்கி முக்கால் பக்கம். ‘கேட்டோம், மறுக்கவில்லை’ என்பதை இரண்டு முறை படித்தேன். நான் எழுதியிருந்தால் ‘மறுக்கவில்லை’ என்பதை நைசாக விட்டிருப்பேன்.

‘வேண்டும்’ சிக்கல் மட்டும் தீரவில்லை. போன மாதம் அப்பாவின் பழைய பெட்டியை ஒழுங்கு செய்தேன். 1970களில் அவர் எழுதிய கிரயப் பத்திரங்களின் நகல்கள் கட்டுக்கட்டாக இருந்தன. நாளது தேதி, சர்வ சுதந்திரமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் என்று வழக்கமான வரிகள். சொத்தில் வில்லங்கம் ஏதும் இருந்தால் என் சொந்தச் செலவில் ‘தீர்த்துக் கொடுக்கக் கடவேன்’ என்று ஒன்றில் இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது. அப்பா ஓர் இடத்திலும் ‘தீர்த்துக் கொடுக்க வேண்டும்’ என்று எழுதவில்லை. கடவேன், கடவது, கடவர். இப்போது பழைய வேதாகமத்திலும் பழைய பத்திரங்களிலும்தான் மிச்சம் இருக்கும் சொல். அதில் ஆசையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ‘வளர்ந்த நாடுகள் தொடர்ந்து முன்னிலை வகிக்கக் கடவன.’ சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். இதைத் தமிழில் வாசித்திருந்தால் கெர்ரி இன்னும் வேகமாக ஓடியிருப்பார்.

பக்கத்தைப் படம் எடுத்து, மேல் வாக்கியத்துக்கு விடை கிடைத்துவிட்டது என்று மாணவிக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. “அருமை சார். கீழ் வாக்கியத்துக்கு என்ன போடுவீர்கள்? ‘வகித்தால் நன்று’ என்றா?”

சிரிப்பு வந்தது. பதில் எழுதத் தொடங்கி, அடித்து, மறுபடி எழுதி, அப்படியே வைத்திருக்கிறேன்.